காலியாகாத பாட்டில்கள்

என் நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பட்டப்பெயர் நிறைகுடம். தளும்பாதவள் என்பதற்காக வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் நன்றாகவே தளும்புவாள். அவள் பொறுப்பில் இருக்கும் எந்தப் பாட்டிலும் பாதிக்குக் கீழே இறங்கி யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர் அது.

பிரசவ வார்டிலும் அதை ஒட்டியிருந்த பச்சைக் குழந்தைகள் அறையிலும் கைகழுவும் தொட்டிகளுக்கு மேலே சோப்பு பாட்டில்கள் மாட்டியிருக்கும். ரோஜா நிறத்தில் கொழகொழவென்று இருக்கும் சோப்பு. பாட்டிலின் தலையை அமுக்கினால் கையில் வந்து விழும். அங்கே ஆயாவாக இருந்த என் நாத்தனார் காலையில் வந்ததும் பெரிய கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு சுற்று. ஒரு விரற்கடை குறைந்திருந்தாலும் கழுத்து வரை ஊற்றி, மூடியைத் திருகி, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலைவாரி விட்ட தாய் அப்படித்தான் பார்ப்பாள்.

அந்தப் பாட்டில்களில் ஒன்றுகூட, சுவரில் மாட்டிய நாளிலிருந்து, ஒருமுறையாவது காலியானதில்லை. அப்படியானால் முதல்நாள் ஊற்றியதில் கொஞ்சம் அடியிலேயே இருந்துகொண்டே இருந்திருக்கிறது. இதை யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? அது சோப்புதானே.

நான் அதே ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து வார்டு வார்டாகப் பிரித்து அனுப்பும் வேலை. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். என் வீட்டுக்காரரின் தங்கை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பஸ். இரண்டு கத்தியை ஒரே உறையில் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எங்கள் சமையலறைக்கு வந்திருக்கலாம்.

அங்கேயும் அவள் ராஜ்ஜியம்தான். அலமாரியில் சர்க்கரை, மாவு, பருப்பு, உப்பு என்று வரிசையாக டப்பாக்கள். எல்லாம் வாய் வரைக்கும் நிரம்பியிருக்கும். நான் ஒரு கரண்டி எடுத்தால் அவள் பின்னாலேயே வந்து ஒரு கரண்டி போட்டு வைப்பாள். சர்க்கரை டப்பாவின் அடியில் கல்லாக இறுகிக் கிடந்தது நான் மருமகளாக வருவதற்கு முன்னால் வாங்கிய சர்க்கரை. மாவு டப்பாவில் மேலே புது மாவு வெள்ளையாக இருக்கும், உள்ளே கையை விட்டால் அடியில் நூல் கட்டியிருக்கும். ஒருநாள் அந்த நூலைப் பிடித்து இழுத்தபோது அதன் நுனியில் ஒரு புழு நெளிந்தது.

"ஒரு தடவை எல்லாத்தையும் கொட்டிக் கழுவி வெயில்ல வெச்சா என்ன?" என்றேன்.

"டப்பாவ கவுத்தா வீடு கவுந்துடும் அண்ணி," என்றாள். "மேலாப்புல எடுத்துக்கோங்க. அடியில ஏன் கைய விடுறீங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் தகர டின்னின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டால் போதும், அன்றைக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. அந்தச் சத்தம் கேட்டதும் தங்கை போய்க் கட்டிலுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிடுவாளாம். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. போன வீட்டிலும் அதே சத்தம்தான். கட்டியவன் ஒருநாள் அலமாரியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் முதல் சம்பளத்தில் வாங்கியது டப்பாக்கள். அதற்கப்புறம் நான் மேலாப்பில் எடுத்துக்கொள்ளப் பழகினேன். புழுவைச் சலித்துவிட்டால் ஆயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்தார். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவர் வேலை. பஞ்சு சுற்றிய குச்சியும் கையுமாகத் திரிந்து, குழாய், கதவுப்பிடி, கட்டில் கம்பி என்று கண்ட இடத்தில் தடவிக் குப்பியில் போட்டு எடுத்துப் போவார். இரண்டே நாளில் அவருக்குக் குச்சியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் ஒவ்வொரு தொட்டிக்கு மேலேயும் ஒரு அறிவிப்பை ஒட்டினார். 'சோப்பு பாட்டிலை டாப்-அப் செய்யாதீர்கள். ரீஃபில் செய்யுங்கள்.'

"அண்ணன கூப்பிடாத, தமையன கூப்பிடுங்கற மாதிரி இருக்கு," என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். வார்டே சிரித்தது. எனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. குறைந்தால் ஊற்ற வேண்டும், அதை எந்தப் பேர் சொல்லி ஊற்றினால் என்ன?

குச்சியம்மா சிரிக்கவில்லை. என் நாத்தனாரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பொறுமையாகவே சொன்னார். "மேல மேல ஊத்துறது டாப்-அப். அது கூடாது. இருக்கறத கொட்டி, பாட்டில கழுவி, நல்லா காயவெச்சு, அப்புறம் புதுசா ஊத்தணும். அதுக்குப் பேர்தான் ரீஃபில். புரியுதா?"

"புரியுது சிஸ்டர். காயற வரைக்கும் அந்த இடம் காலியா இருக்குமே?"

"மாத்து பாட்டில் கேட்டு எழுதியிருக்கேன். வந்துடும்."

வரவில்லை. சுவரில் எத்தனை கொக்கியோ அத்தனை பாட்டில்தான். என் நாத்தனார் ஹெட் சிஸ்டரிடம் போய் நின்றாள். அந்த அம்மாளுக்கு எப்போதும் தலைக்கு மேலே வேலை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சோப்பு இல்லன்னு ஒரு டாக்டர் வாயில இருந்து வந்தா நீ அன்னைக்கே வீட்டுக்குப் போயிடு. காலி கொக்கிய நான் பாக்கக் கூடாது."

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது, "சோப்பையே சோப்பு போட்டுக் கழுவணுமாம் அண்ணி," என்றாள். இருவரும் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். மறுநாள் காலை அவள் கேனைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் சுற்றுக்குப் போனாள். அறிவிப்பில் வழிந்த சோப்பைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நான் உண்டானேன். என்னைவிட அவளுக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் வேறு எதுவும் வரப்போவதில்லை என்று அவளே முடிவு கட்டி வைத்திருந்தாள். கனமான மூட்டையை நான் தொட்டால் ஓடிவந்து பிடுங்குவாள். என் வயிற்றைப் பார்த்து, "அத்தைகிட்டதான் முதல்ல வரணும், ஒப்பந்தம் போட்டாச்சு," என்பாள். நாள் நெருங்குவதற்கு வெகு முன்பே, விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வலி கண்டது. துணி வண்டியிலேயே படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

அன்றிலிருந்து என் நாத்தனார் அந்த அறை வாசலில் காவல் தெய்வமாகிவிட்டாள். பால் கொடுக்க வரும் எந்தத் தாயையும் கை கழுவாமல் உள்ளே விடமாட்டாள். "முழங்கை வரைக்கும். நகத்துக்கு அடியில. அவசரப்படாம." டாக்டரையே ஒருமுறை வழிமறித்தாள். என் குழந்தை உள்ளே இருக்கிறாள் என்பதால் அந்த அறை பாட்டில்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு சுற்று கூட்டிக்கொண்டாள்.

என் குழந்தைக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு ஆண் குழந்தை. அவன் தாய் தையல்கடை வைத்திருப்பவள், சின்னப் பெண். யார் எதைச் சொன்னாலும் பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரி கேட்டுக்கொள்வாள். நான் இரண்டு தேய் தேய்த்துவிட்டுப் போவேன். அவள் கையைப் புரட்டிப் புரட்டிக் கழுவி, போதுமா என்று என் நாத்தனாரைப் பார்த்து, தலையசைப்பு கிடைத்த பிறகுதான் உள்ளே போவாள். "உங்க பாப்பாவுக்கு நான் ஒரு சட்டை தச்சுத் தரேன் அக்கா. இந்த அளவுல கடையில கிடைக்காது," என்றாள். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே உட்கார்ந்து நாங்கள் ஊர்க்கதை பேசுவோம்.

முதலில் வாசலோரப் பெட்டியில் இருந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்து அதற்கு எதிர்ப்பெட்டியில். பால் குடிப்பதை நிறுத்தின, உடம்பு சாம்பல் நிறமாயிற்று. டாக்டர்கள் ஏசியைத் திறந்து பார்த்தார்கள், பால் பொடியை மாற்றினார்கள், தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். எதுவும் பிடிபடவில்லை. பெரிய டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்து, "கைய இன்னும் நல்லா கழுவுங்க, ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா கழுவுங்க," என்றார். கழுவினோம். பாட்டில்கள் வேகமாக இறங்கின. அவள் வேகமாக நிரப்பினாள். கேனைத் தூக்கித் தூக்கி அவள் தோள்பட்டை வீங்கியிருந்தது. "என் கண்ணுக்கு முன்னால எந்தக் கிருமி வருதுன்னு பாத்துடறேன் அண்ணி," என்றாள்.

தையல்காரியின் பையனுக்குக் காய்ச்சல் கண்டது ஒரு காலைப்பொழுதில். இரண்டாம் நாள் மத்தியானம், வெயில் ஜன்னல் வழியாகப் பெட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தபோது, அவன் போய்விட்டான். அவள் சத்தம் போட்டு அழவில்லை. நர்ஸ் குழந்தையைக் கையில் கொடுக்க வந்தபோது, "இருங்க, கை கழுவிட்டு வரேன்," என்று எழுந்து தொட்டிக்குப் போனாள். முழங்கை வரை கழுவினாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் என் குழந்தையைத் தொட்டேன், சுட்டது.

பயம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். என் நாத்தனார் மட்டும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தரையைத் துடைத்தாள், கதவைத் துடைத்தாள், பாட்டில்களைத் துடைத்தாள். நிரம்பியிருந்த பாட்டிலையே திறந்து பார்த்து இன்னும் ஒரு சொட்டு ஊற்றினாள்.

மறுநாள் குச்சியம்மா வந்தார். குழாயைத் தடவினார், தொட்டியைத் தடவினார். பிறகு ஏதோ தோன்றியவர் போல ஜன்னலோரப் பாட்டிலின் தலையைத் திருகிக் கழற்றி, குச்சியை அடிவரை விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்தார். பஞ்சோடு கூடவே ஒரு நூல் வந்தது. ரோஜா நிறமில்லை, பழுப்பு. நூல் அறுந்து தொட்டியில் விழுந்தது. எனக்கு எங்கள் வீட்டு மாவு டப்பா நினைவுக்கு வந்தது.

"அது சோப்பு சிஸ்டர்," என்றாள் என் நாத்தனார். கேன் அவள் இடுப்பில் இருந்தது.

"பாக்கலாம்," என்றார் குச்சியம்மா. அன்றைக்கே அந்த அறை பாட்டில்களுக்கு எல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி பிளாஸ்திரி சுற்றி ஒட்டிவிட்டு, கை கழுவ சின்னச் சின்ன உறையில் அடைத்த வேறு மருந்து கொடுத்தார்.

பரிசோதனை முடிவு வந்தபோது அங்கே வேலை பார்க்கிற எங்களை மட்டும் வராந்தாவில் கூட்டினார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த கிருமியும் பாட்டிலின் அடியில் இருந்த கிருமியும் ஒன்று. குச்சியம்மா மெதுவாகத்தான் பேசினார். "சோப்புல கிருமி இருக்காதுன்னு நாம நினைக்கறோம். புதுசுல இருக்காது. ஆனா அடியில தங்கினது பழசாகி நீர்த்துப் போச்சு. ஈரக் கை வழியா அதுல ஒண்ணு எறங்கியிருக்கு. மேல ஊத்த ஊத்த அது சாகல, பெருகிடுச்சு. கழுவின ஒவ்வொரு கையிலயும் ஏறியிருக்கு."

எல்லாத் தலைகளும் ஒரு பக்கமாகத் திரும்பின. ஹெட் சிஸ்டரின் தலை எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பியது. அதை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். காலி கொக்கியைப் பார்க்கக் கூடாது என்ற அதே கண்.

என் நாத்தனார் ஒன்றுதான் கேட்டாள். "எந்த பாட்டில் சிஸ்டர்?"

"எல்லாத்துலயும் இருக்கு."

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது யார் தவறும் இல்லை, விசாரணை நடக்கும், அதுவரை இந்த விஷயம் இந்தச் சுவருக்கு வெளியே போகக் கூடாது, வாயைத் திறந்தவர்களுக்கு அன்றோடு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார். மாற்று பாட்டில்கள் அன்று மாலையே வந்து இறங்கின. கேட்டு எழுதியபோது வராத பாட்டில்கள்.

பழைய பாட்டில்களை அவளே கழற்றினாள். வேறு யாரையும் தொட விடவில்லை. சாக்கடை மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். சோப்பு முழுக்க வழிந்து போன பிறகு, கடைசியில், அடியில் இருந்தது தனியாக நழுவிப் பொத்தென்று விழுந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் அந்தச் சத்தம் வரும் வரை நின்றாள். வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் கொட்டிவிட்டாளாம். சர்க்கரைக் கட்டியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாளாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் ஓடி வந்து பார்த்திருக்கிறார். அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

எந்தக் கிருமி என்று தெரிந்ததால் மருந்தை மாற்றினார்கள். என் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. முதல் தடவை அவள் பாலை இழுத்துக் குடித்தபோது நான் அழுத அழுகைக்கு நர்ஸ்கள் ஓடி வந்துவிட்டார்கள். என் நாத்தனார் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். "உள்ள வா, தூக்கு," என்றேன். தன் கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளை மன்னித்தாயா என்று உறவுக்காரர்கள் பிற்பாடு கேட்டார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, ஹெட் சிஸ்டர் மேல் அதைவிட அதிகமாக இருந்தது, பஸ்ஸில் சேர்ந்து சிரித்த சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது.

நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய நாள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தேன். என் நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள். எதிரே தையல்காரி வந்தாள். மெலிந்து போயிருந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"சொன்னேனே அக்கா, சட்டை," என்று என்னிடம் நீட்டினாள். வெள்ளைத் துணியில், கைவிரல் நுழையாத அளவுக்குச் சின்னச் சின்னக் கைகள் வைத்துத் தைத்திருந்தாள். குழந்தையின் நெற்றியைத் தொடக் கையைக் கொண்டுவந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "நான் இன்னும் கை கழுவல," என்றாள்.

பிறகு என் நாத்தனாரிடம் போனாள். பையைப் பிடித்திருந்த கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன். நீங்க ஒருத்தர்தான் எங்க புள்ளைங்கள உங்க புள்ளையா நினைச்சு சொன்னீங்க. நீங்க சொன்னத நான் ஒரு தடவைகூட விடல அக்கா. ஒவ்வொரு தடவையும் கழுவிட்டுத்தான் அவனைத் தொட்டேன். என் பக்கம் குறை இல்லன்னு அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு மிச்சம்."

நான் என் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தேன். பெரிய டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அதைவிட அந்தப் பெண்ணின் நிம்மதி எனக்குப் பெரிதாகப் பட்டது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். "நேரமாச்சு, வா," என்று நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"அந்த சோப்புலதாம்மா இருந்துச்சு," என்றாள். "கிருமி. நான் ஊத்தி வெச்ச பாட்டில்ல. கொட்டிக் கழுவிட்டு ஊத்தச் சொன்னாங்க. நான் மேல மேல ஊத்தினேன்."

தையல்காரி அவள் கையை விடவில்லை. புரியாதவள் போல என்னைப் பார்த்தாள். என் முகத்தில் இருந்து அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மெதுவாகக் கையை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ," என்றாள், "நான் கை கழுவறதுல சோம்பேறித்தனமா இருந்திருந்தா?"

என் நாத்தனார் பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளையும் விரித்துப் பார்த்தாள். துணிக்குள் என் குழந்தை பாலுக்கு அழ ஆரம்பித்தாள்.